பட்டம் வேண்டாக் கல்வி

கற்றவர் யார் என்னும் வினாவுக்கு நம் காலம் மிக எளிய விடை ஒன்றைக் கண்டு வைத்திருக்கிறது. பெயருக்குப் பின்னே இரண்டு மூன்று எழுத்துகள் நின்றால் அவர் கற்றவர். நில்லாவிட்டால், அவர் எத்துணை நூல் பயின்றிருப்பினும், 'படிப்பில் ஆர்வமுள்ளவர்' என்ற அளவில் நிறுத்திவிடுகிறோம். இந்த விடையை அசைத்துப் பார்க்க வைக்கும் மாணவர் வகை ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தில் கதை எழுதவும் கவிதை எழுதவும் கற்பிக்கும் வகுப்பில் சேர்கிறார், தவறாது வருகிறார், எழுதுகிறார், திருத்தம் பெறுகிறார், பட்டத்துக்குப் பதிவு செய்யாமலே வீடு திரும்புகிறார். அவர் பெற்றது முழுக் கல்வியா, அரைக் கல்வியா? குடும்பத்துக்கும் ஊருக்கும் கடன்பட்ட ஒருவர் அவ்வாறு காலத்தையும் பொருளையும் செலவிடுதல் அறமாகுமா? இவ்விரு வினாக்களையும் இம்மலரின் பக்கங்களில் சிறிது எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

பள்ளுருத்தியில் வாழும் நமக்கு இவ்வினா புதிதன்று. 1967-ல் கொச்சி மாநகராட்சி அமைந்தபோது எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி நகராட்சிகளோடு சேர்ந்த ஊராட்சிகளுள் ஒன்றாகிய இச்சிற்றூர், தன்னுள் வாழ்ந்த பெரியவர் ஒருவரை 'மாஸ்டர்' என்றே அழைத்து வந்தது. இசையமைப்பாளர் எம். கே. அர்ஜுனன் அவர். 1936-ல் பிறந்து, தந்தையை இளமையிலேயே இழந்து, வறுமையின் காரணமாகத் தமையனோடு நம் பழனியில் இருந்த ஆசிரமம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்தோர் சிறுவர்களின் பாட்டைக் கேட்டு, ஆசிரியர் ஒருவரை அமர்த்தி இசை கற்பித்தனர். ஊர் திரும்பியவர் நாடகக் குழுக்களில் ஆர்மோனியம் வாசித்தார். 1968-ல் 'கறுத்த பௌர்ணமி' படத்தின் வழியாகத் திரையிசைக்கு வந்தார். 2020 ஏப்ரலில் பள்ளுருத்தியிலேயே மறைந்தார். எந்தக் கல்லூரியும் அவருக்கு 'மாஸ்டர்' என்னும் சொல்லை வழங்கவில்லை, கேட்டவர்கள் வழங்கினார்கள். பழனியில் பயின்ற இசை மலையாளப் பாட்டாகி மீண்ட கதை, கொச்சித் தமிழராகிய நமக்குத் தனி மகிழ்ச்சி தருவது என்பதையும் இடையே சொல்லிவிடுகிறோம்.

ஆயினும் பட்டம் என்பது வீண் என்று முடிவு கட்டிவிட நாம் முற்படவில்லை. பட்டம் எதற்காகத் தோன்றியது என்பதை மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நின்று பார்த்தால் நன்கு விளங்கும். மிளகுக் கிடங்கில் வேலை செய்வோர் ஒரு கைப்பிடி மிளகை அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, ஒன்றைக் கடித்துத் தரம் சொல்லிவிடுவர். மூட்டையின் மேல் குத்திய தர முத்திரை அவர்களுக்குத் தேவையில்லை. கடல் கடந்து எங்கோ இருந்து வாங்குபவர் கடித்துப் பார்க்க முடியாது, அவருக்காகவே முத்திரை. பட்டமும் இத்தகையதே. நம்மை அறியாதவர், நம் எழுத்தைப் படிக்க நேரமில்லாதவர், நம்மை வேலைக்கு அமர்த்த நினைப்பவர் ஆகியோருக்காக நம்மேல் குத்தப்படும் முத்திரை. அது பொய்யான பொருளன்று. ஆனால் மிளகுக்குக் காரம் தருவது முத்திரையன்று. கதை எழுத்தைப் பொறுத்தவரை, வாங்குபவர் எல்லாரும் கடித்துப் பார்த்தே வாங்குகின்றனர். முதுகலைப் பட்டம் பெற்றவர் எழுதியது என்பதற்காகச் சலிப்பூட்டும் கதை ஒன்றை முடிவு வரை படித்த வாசகரை நாம் இதுவரை கண்டதில்லை.

நம் முன்னோர் இதனை வேறு வகையில் அறிந்திருந்தனர். வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்து, கல்லாமைக்கு அடுத்தது வகுத்து, அதன் பின்னே கேள்விக்கு ஒன்று வகுத்தார். முறையாக ஓதும் வாய்ப்பில்லாதவனுக்கும் கேட்டறியும் வழி திறந்தே இருக்கிறது என்பது அவ்வைப்பு முறையிலேயே தெரிகிறது. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தேர்வும் மதிப்பெண்ணும் இன்றி வகுப்பில் அமர்ந்து கேட்பதற்கு 'ஆடிட்' என்று பெயர். நம் கணக்கர்கள் அச்சொல்லைக் கேட்டால் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆனால் அதன் இலத்தீன் வேர் கேட்டலையே குறிக்கும். அங்கும் இங்கும் மனிதர் ஒரே வகையில் எண்ணியிருக்கின்றனர். நம் 'கேள்வி' இன்னும் ஒரு படி மேலானது. அது காதால் கேட்பதையும் குறிக்கும், வாயால் வினவுவதையும் குறிக்கும்.

இதனினும் கருதத்தக்கது அரங்கேற்றம். தொல்காப்பியப் பாயிரம், அந்நூல் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னே ஐயம் தெரித்து உரைக்கப்பட்டது என்கிறது. நூலாசிரியர் எங்கே பயின்றார், எத்தனை ஆண்டு பயின்றார் என்பதன்று அந்த அவை கேட்டது. நூலை வைத்துக்கொண்டு கேட்டது. சோதனைக்கு உள்ளானது ஆள் அன்று, நூல். பட்டமோ ஆளைச் சோதித்து ஆளுக்கே தரப்படுகிறது. அவர் பின்னர் என்ன எழுதினாலும் அது அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அரங்கேற்றத்தின் பயன் அந்த ஒரு நூலோடு முடிந்தது. அடுத்த நூலுக்கு அவர் மீண்டும் அவையின் முன் நிற்க வேண்டும். எழுத்துக் கலைக்கு எது பொருத்தம் என்று கேட்டால், இரண்டாவதே என்று நாம் தயங்காமல் சொல்வோம்.

எழுதுவதைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க முடியுமா என்னும் ஐயம் நம்மிடையே இன்னும் தீரவில்லை. கவிதை பிறவியிலே வருவது என்று சொல்லி நகைப்பவர் உளர். இசைக்கும் நடனத்துக்கும் ஆசான் வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் அவர்களே கதைக்கு மட்டும் ஆசான் வேண்டா என்பது விந்தை. அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகம் 1936-ல் எழுத்துப் பட்டறை ஒன்றைத் தொடங்கியது. அங்கு வழங்கும் முறை மிக எளிது. ஒருவர் எழுதிய கதையின் படிகள் முன்கூட்டியே எல்லாருக்கும் தரப்படும். வகுப்பில் அனைவரும் அதனைப் பற்றிப் பேசுவர். எழுதியவர் மட்டும் வாய் திறவாமல் இருக்க வேண்டும். தாம் கருதியது வேறு என்று விளக்கம் சொல்ல அவருக்கு உரிமையில்லை. ஏனெனில் அச்சேறிய கதையின் பின்னாலே சென்று ஒவ்வொரு வாசகருக்கும் விளக்கம் சொல்ல எவராலும் முடியாது. அப்பட்டறை பட்டமும் தருகிறது என்பது உண்மையே. ஆனால் அம்மேசையைச் சுற்றி நிகழ்வது நம் அரங்கேற்றத்துக்கு உறவுடையதாகவே நமக்குத் தோன்றுகிறது.

அதே பல்கலைக்கழகத்தில் 1967-ல் பால் எங்கிள், ஹுவாலிங் நியே ஆகிய இருவரும் பன்னாட்டு எழுத்தாளர் திட்டம் ஒன்றை நிறுவினர். பல நாட்டு எழுத்தாளர்கள் சில மாதங்கள் அங்கே தங்கி எழுதலாம், பேசலாம், பிறர் எழுதுவதைக் கேட்கலாம். பட்டம் கிடையாது. 1973-ல் தமிழிலிருந்து அசோகமித்திரன் சென்றார். அப்போது அவருக்கு அகவை நாற்பதைக் கடந்திருந்தது. செகந்திராபாத்தில் பிறந்து, சென்னையில் ஜெமினி ஸ்டுடியோவில் பல்லாண்டு பணி செய்து, பின் எழுத்தையே நம்பி வாழ்ந்தவர். அங்கே கண்டவற்றை மூலமாகக் கொண்டு 'ஒற்றன்' என்னும் நூலை எழுதினார். அதைப் படித்தோர் அறிவர்: அதில் பெரும் பாடங்கள் இல்லை, குளிர் உண்டு, தனிமை உண்டு, வெவ்வேறு மொழி பேசுவோர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முயன்று தடுமாறும் நகைச்சுவை உண்டு. ஒரு தமிழ் எழுத்தாளர் பல்கலைக்கழகத்தில் சில மாதங்கள் பட்டமின்றி இருந்து கொண்டுவந்தது யாது என்று வினவுவோர்க்கு அந்நூலைக் காட்டினால் போதும். 1996-ல் அவர் சாகித்திய அகாதெமி விருது பெற்றார் என்பதை வேண்டுவோர் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். நமக்கு 'ஒற்றனே' போதும்.

இவ்வளவு கூறியபின் எதிர்ப்பக்கத்துக்கு நாம் செவிசாய்த்தாக வேண்டும். அப்பக்கத்தில் உண்மை நிரம்ப இருக்கிறது.

உ. வே. சாமிநாதையர் 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். 1876-ல் ஆசிரியர் மறையும் வரை உடனிருந்து கற்றார். எந்தப் பல்கலைக்கழகத் தேர்வும் எழுதவில்லை. 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். எப்படி? அப்பணியிலிருந்து விலகிய தியாகராச செட்டியார், தம் இடத்துக்கு இவரே தக்கவர் என்று எடுத்துச் சொன்னார். செட்டியாரும் மகாவித்துவானின் மாணவர். அந்தப் பரிந்துரை இல்லாவிடில், அடுத்த பல ஆண்டுகளில் சிந்தாமணியும் சிலம்பும் புறநானூறும் அச்சேறிய வரலாறு எப்படித் திரும்பியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது. பட்டம் இல்லாதவருக்குப் பரிந்துரைப்பவர் வேண்டும். திருவாவடுதுறை மடத்தின் நிழலும், பெரியவர் ஒருவரின் நற்சொல்லும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லையே.

நம் கொச்சியிலேயே இதனினும் கூர்மையான சான்று இருக்கிறது. சேரானல்லூரில் மீனவர் குடியில் 1885-ல் பிறந்தவர் பண்டிதர் கே. பி. கருப்பன். கொடுங்கல்லூரில் வடமொழி பயின்றார். கொச்சி அரசரின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. சாதிக் கொடுமையைச் சாடி அவர் பாடிய 'ஜாதிக்கும்மி' எழுத்தறியாதார் வாயிலும் உலவியது. கும்மி நமக்கும் மலையாளிக்கும் பொதுச் சொத்து. சபையில் ஏற முடியாத கருத்தை முற்றத்தில் கைகொட்டிப் பாட வைத்த அவருடைய தேர்வு நுட்பமானது. 1925-ல் கொச்சிச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1935-ல் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் மலையாள விரிவுரையாளரானார். பல்கலைக்கழகப் பட்டம் இன்றிக் கல்லூரி மேடை ஏறியவர் என்று நாம் பெருமையோடு சொல்லலாம். ஆனால் அரசரின் கண் அவர்மேல் படாதிருந்தால்? 1913-ல் புலையர் மக்கள் எர்ணாகுளத்தில் கூட்டம் கூட விரும்பியபோது, நிலத்தில் கூட இடமில்லை என்பதால் காயலில் படகுகளைப் பிணைத்து அதன்மேல் கூடினர். கருப்பன் அதற்குத் துணை நின்றவர். நிற்க நிலமே மறுக்கப்பட்ட மக்களிடம் போய், 'பட்டம் வேண்டாம், கல்வியே போதும்' என்று அறிவுரை கூறுவது எத்தகைய செயல்? அவர்களுக்குப் பட்டம் என்பது அரசரின் கண்ணையும் மடத்தின் நிழலையும் எதிர்பாராமல் தாமே கையில் எடுத்துச் செல்லக்கூடிய பரிந்துரைக் கடிதம். குலம் கேட்பவனிடம் நீட்டக்கூடிய தாள். அதனை இகழ்வோர் பெரும்பாலும் அதனைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பவர்களே.

ஆகவே, பட்டம் வேண்டாமல் கற்பது என்னும் நிலை ஒரு வகைச் செல்வம். அச்செல்வம் உடையவர் தாம் செல்வர் என்பதை அறிந்திருக்க வேண்டும். இல்லாதவரை நோக்கி உதடு பிதுக்கக் கூடாது.

பட்டமின்றிப் புகழ் பெற்றோரின் பட்டியல் ஒன்றை நீட்டி வாதிடுவதும் நமக்கு உடன்பாடன்று. செயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு நின்றவர், ஞானபீடம் பெற்றார். கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை முடிக்காதவர், 1980-களில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார். வைக்கம் முகம்மது பஷீர் உப்பு அறப்போருக்காகப் பள்ளியை விட்டோடியவர், எர்ணாகுளத்தில் புத்தகக் கடை நடத்தியவர், 1987-ல் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் ஆனார். இவையெல்லாம் உண்மை. ஆனால் இவர்களைப் போலவே தொடங்கி, திருத்திச் சொல்ல ஒருவரும் இன்றி, நோட்டுப் புத்தகங்களோடு மறைந்து போனவர்களை யார் கணக்கெடுத்தார்கள்? செயகாந்தனுக்குப் பொதுவுடைமைக் கட்சி அலுவலகமே பல்கலைக்கழகமாக இருந்தது. அங்கே நூல்கள் இருந்தன, வாதிடுவோர் இருந்தனர். இடைசெவலில் கி. ரா.வுக்கு அடுத்த வீட்டில் கு. அழகிரிசாமி என்னும் தோழர் இருந்தார். எவரும் தனியே கற்கவில்லை. பல்கலைக்கழக வகுப்புக்கு இன்று பட்டமின்றி வருபவர் தேடுவதும் அந்த அடுத்த வீட்டுத் தோழரைத்தான்.

இனி வீட்டு வாயிலுக்கு வருவோம். பள்ளுருத்தியில் ஒரு தாய், பிள்ளைகள் ஓரளவு வளர்ந்துவிட்டனர், கணவருக்குத் துறைமுகத்தில் வேலை என்று கொள்வோம். இளமையில் எழுதிப் பெட்டியில் வைத்த கதைகள் அவரை உறுத்துகின்றன. தோப்பும்படி கடந்து எர்ணாகுளம் சென்று மாலை வகுப்பில் சேர விரும்புகிறார். வீட்டில் எழும் முதல் வினா, 'இதனால் என்ன கிடைக்கும்?' என்பது. மகன் அதே பணத்தைக் கணினிப் பயிற்சிக்குக் கேட்டால் இவ்வினா எழாது. அங்கே முடிவில் ஒரு சான்றிதழ் இருக்கிறது, அதன் பின்னே ஒரு சம்பளம் இருக்கிறது. தாய் எதனைக் காட்டுவார்? திருந்திய ஒரு கதையையா?

வீட்டாரின் வினாவை நாம் அற்பமென்று தள்ளவில்லை. சீட்டுப் பணமும் அரிசி விலையும் அறியாதவர் கல்வியின் தூய்மை பற்றிப் பேசுவது எளிது. குடும்பத்தின் இன்றியமையாத் தேவையைக் குறைத்துத் தன் எழுத்தார்வத்துக்குச் செலவிடுதல் ஆணுக்காயினும் பெண்ணுக்காயினும் தகாது. ஆனால் அந்த எல்லைக்கு இப்பால், ஒருவர் தமக்கென எடுத்துக்கொள்ளும் சிறு பங்கும் ஊதியமாகத் திரும்ப வேண்டும் என்று விதித்தால், நாம் அவரை ஒரு முதலீடாக மட்டுமே மதிக்கிறோம் என்பது பொருள். கோயில் திருவிழாவுக்கும் திரைப்படத்துக்கும் செலவிடும்போது கேளாத வினாவைக் கல்விக்கு மட்டும் கேட்பது ஏன்? நம் வீடுகளில் இவ்வினா ஆடவரினும் பெண்டிரை நோக்கியே மிகுதியாக எழுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. எழுத்து வகுப்பில் இருக்கைகள் சில. பன்னிரண்டு பேர் அமரக்கூடிய மேசையில், பட்டம் வேண்டாதவர் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டால், பட்டத்தால் வாழ்வு பெறக்கூடிய இளைஞர் ஒருவர் வெளியே நிற்க நேரும். இதற்கு நம் விடை குழப்பமற்றது: அத்தகைய நிலையில் இளைஞருக்கே இடம். ஆர்வத்தால் வந்தவர் காத்திருக்கலாம். அவருக்கு மாலை வகுப்பையும் விடுமுறை வகுப்பையும் பல்கலைக்கழகம் ஏற்படுத்தித் தரலாம். பொது மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனம் பொது மக்களுக்குக் கதவைத் திறந்து வைப்பது சலுகையாகாது.

அக்கதவு சிறிது திறந்தும் இருக்கிறது. 1985-ல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் படைப்பெழுத்துக்குத் தொலைநிலைப் பட்டயம் ஒன்றை வகுத்தது. 2012-ல் திரூரில் தோன்றிய துஞ்சத்து எழுத்தச்சன் மலையாளப் பல்கலைக்கழகம் இலக்கியப் படைப்பை முதுகலைப் பாடமாகவே வைத்திருக்கிறது. தமிழ்த் துறைகள் இதனைக் கண்டு சற்றே நாணலாம் என்பது நம் கருத்து. 2017-ல் நடுவணரசு தொடங்கிய 'ஸ்வயம்' வழியே எவரும் கட்டணமின்றிப் பாடம் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் பணம் செலுத்தித் தேர்வெழுதலாம். கல்வியையும் முத்திரையையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டிய ஏற்பாடு நம் நாட்டில் முன்னே இருந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் குறையும் உண்டு. திரையில் பேராசிரியர் பேசுகிறார். நம் கதையை அவர் படிப்பதில்லை. 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையோ ஓராண்டு படித்தால் சான்றிதழ், ஈராண்டு படித்தால் பட்டயம் என்று இடையில் விலகுவோர்க்கும் வழி செய்தது. இரக்கமுள்ள ஏற்பாடுதான். எனினும் ஒரு பெரிய நாணயத்தைச் சில்லறையாக மாற்றித் தந்ததற்கும் நாணயம் வேண்டாதவரை மதித்ததற்கும் வேறுபாடு உண்டு.

பட்டம் வேண்டாதவர் மேல் ஒரு கடமை இருக்கிறது. இதனைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. தேர்வுக்குப் படிப்பவரைத் தேர்வு நெருக்குகிறது. மழை பெய்தாலும், காய்ச்சல் வந்தாலும் அவர் கட்டுரையை உரிய நாளில் தந்தாக வேண்டும். தேர்வில்லாதவரை நெருக்குவது எதுவும் இல்லை. முதல் மாதம் ஆர்வத்தோடு வருவார். மூன்றாம் மாதம் உறவினர் திருமணம். நான்காம் மாதம் மேசையில் அவர் இருக்கை வெறுமையாக இருக்கும். இதைவிடத் தீயது, பாராட்டு மட்டும் பெற வருவது. 'நான் மதிப்பெண்ணுக்காக வரவில்லை' என்னும் சொல் பல வேளைகளில் 'என்னைத் திருத்தாதீர்' என்பதன் மறு வடிவமாக இருக்கிறது. நன்னூல் மாணாக்கரை வகைப்படுத்தும்போது அன்னத்தையும் ஆவையும் முதலில் வைத்து, ஓட்டைக் குடத்தையும் நெய்யரியையும் கடையில் வைத்தது. பட்டத்துக்குப் பயில்வோர் கூட்டத்திலும் ஓட்டைக் குடங்கள் உண்டு. ஆனால் தேர்வுத் தாள் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். பட்டம் வேண்டாத ஓட்டைக் குடத்தை அதுவேதான் கண்டுகொள்ள வேண்டும்.

அதனால்தான் பட்டமில்லாக் கல்விக்கும் அரங்கேற்றம் ஒன்று வேண்டும் என்கிறோம். ஆண்டு முடிவில் முடிந்த கதை ஒன்று, அல்லது பத்துக் கவிதை, தம்மை அறியாதார் முன்னே வைக்கப்பட வேண்டும். அச்சில் வரலாம், வராமலும் போகலாம். 1945-ல் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுகூட்டி பி. என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கம் கேரளத்தின் சிற்றூர்களிலெல்லாம் வாசகசாலைகளைத் தந்திருக்கிறது. மாலையில் நாளிதழ் படிக்க வருவோர் அங்கே இருக்கின்றனர்; அவர்கள் நமக்கு உறவினரல்லர், முகத்துக்காகப் புகழ வேண்டிய தேவை அவர்களுக்கில்லை.

நம் சங்கக் கூட்டங்களில் சொற்பொழிவு மிகுதி, வாழ்த்துப்பா மிகுதி, பொன்னாடையும் குறைவில்லை. திங்களுக்கு ஒரு மாலையேனும், உறுப்பினர் ஒருவர் எழுதிய கதையை முன்னரே படியெடுத்துத் தந்து, அவரை வாய் திறவாது அமரச் செய்து, பதினைந்து பேர் வரி வரியாகப் பேசலாம். எர்ணாகுளம் வரை போக இயலாத அந்தத் தாய் தம் பெட்டியிலிருந்து முதல் கதையை எடுத்துவருவார் என்று நம்புகிறோம். படியெடுக்கும் செலவைச் சங்கம் ஏற்கட்டும்.